முந்தின நிலையம்

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு
ஐ.டி.யிலிருந்து பசவலிங்கா வந்து
பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டு போனான்.
"செம கலர் சார் இது" என்றான், புதியதை வைத்துவிட்டு.
தொட்டேன்.
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோப்பு மாதிரி இருந்தது.

பதினோரு வருஷம் அந்தப் பழைய குரலோடு.
தகரத்தைத் தகரத்தால் தேய்த்த குரல்.
வேகத்தைத் தொண்ணூறில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட் மாளவிகா ஒருநாள்
ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு
"ரவை வறுக்கிற சத்தம்" என்றாள்.
அந்த ரவையில்தான்
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போட்டேன்.
ஒரு ரூபாய் பிசகியதில்லை.

புதியவள் நிதானமானவள்.
வாக்கியத்துக்கு முன்னால் மூச்சு இழுக்கிறாள்.
நுரையீரல் இல்லாதவளுக்கு எதற்கம்மா மூச்சு?
அந்த நேரத்தில்
இரண்டு பேருடைய பி.எஃப். பிடித்தம் பார்த்திருப்பேன்.

இன்சர்ட் என்றொரு கீ இருந்தது.
இந்தப் பலகையில் அது இல்லை.
சுண்டுவிரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
அது பாட்டுக்குப் போகிறது,
இல்லாத கடைசிப் படியில் வைத்த கால் மாதிரி
தொப்பென்று இறங்குகிறது.

அட்டவணைக்குள் முன்பு சும்மா நடந்து போவேன்.
இங்கே ஒவ்வொன்றுக்கும் கதவு.
உள்ளே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்,
கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.
சொல்லாமல் வந்தால்
நான் எங்கே இருக்கிறேன் என்று
அவளுக்கும் தெரியாது.

புதன்கிழமை.
தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ எச் தட்டுவது பழக்கம்.
தட்டினேன், தட்டினேன்.
எதுவும் தாவவில்லை, எல்லாம் எழுத்தாக விழுந்தன.
அப்ரைசல் ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்ற மெயிலுக்குப்
பதினேழு எச் பதிலாகப் போயிற்று.
"எதுக்குச் சிரிப்பு, சவரிநாதன்?" என்று மேனேஜரின் பதில்.
அதையும் அவள்
மூச்சு இழுத்துவிட்டுத்தான் படித்தாள்.

பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு
மும்பைக்குப் போன் போட்டேன், நூர்நிஷாவுக்கு.
மாட்டுங்காவில் வங்கி வேலை. போன வருஷமே மாறியவள்.
"மூணு வாரம்" என்றாள்.
"அழுறதுன்னா அழு, ஹெட்போனை மட்டும் கழட்டாதே."
அவள் பக்கத்தில் ஒரு லோக்கல் ரயில் போய் முடியும்வரை காத்திருந்து
"அப்புறம்?" என்றேன்.
"அப்புறம் என்ன. வேகத்தைக் கூட்டு."

இந்த ஊருக்கு வந்த புதிதில்
மெட்ரோவில் ஒருத்தி சொல்வாள்:
முந்தின நில்தாண, டிரினிட்டி.
கன்னடத்தில் அது அடுத்த நிலையம்.
என் காதில் இருந்தது தமிழ்.
முந்தினது என்றால் போனதுதானே.
தாண்டிவிட்டோம் என்று பதறி,
கதவு திறந்ததும் கம்போடு இறங்கி,
எதிர் ரயில் பிடித்து
வந்த வழியே போனேன்.
இறங்கியது டிரினிட்டியில்தான் என்று
அலசூரில் ஒரு காவலாளி சொன்னார்.

எத்தனை நாளில் அந்தச் சொல்
முகத்தைத் திருப்பிக்கொண்டது, நினைவில்லை.
ஒருநாள் 'முந்தின' என்றதும்
எழுந்து கதவருகே நின்றேன், அவ்வளவுதான்.

மூன்றாம் ஞாயிறு.
வீட்டில் என் சொந்தக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.
தகரக் குரல் இன்னும் அதற்குள் இருக்கிறது.
கரண்ட் பில் கட்ட வேண்டும் என்று
மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.
இரண்டு விரல்கள் இரண்டு கீயை அழுத்தின.
பதில் இல்லை.
மறுபடி.
இல்லை.
உனக்கென்ன கேடு என்று கோபம்கூட வந்தது.
பிறகுதான்
விரல்கள் எங்கே நிற்கின்றன என்று தடவிப் பார்த்தேன்.
புதியவளின் வாசலில் நின்று
பழையதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சுண்டுவிரலை எடுத்து இன்சர்ட் மேல் வைத்தேன்.
ரவை வறுபடத் தொடங்கியது.
கரண்ட் பில் ஆயிரத்து நானூற்றுப் பத்து.